ஓக் பீப்பாய்ல செடி வாடுது, இரும்புப் பட்டை கழண்டுது: எங்க பார்க்கணும், என்ன செய்யணும்

டாலஸ் பக்கம் வீடு வாங்கினவங்களுக்கு இங்க இருக்கற மண்ணைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். நம்ம கோவில்பட்டி கரிசல் மாதிரியே கருப்பு, மழை பேஞ்சா செருப்போட அப்பிக்கிட்டு வரும், ஆகஸ்ட்ல கை உள்ள போற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும். அதுல கறிவேப்பிலை வச்சு ரெண்டு தடவை செத்துப் போனதுக்கப்புறம் தான் பாதியா அறுத்த விஸ்கி பீப்பாய்க்கு மாறினேன், இப்ப வீட்டுப் பின்பக்கம் ஏழு பீப்பாய் நிக்குது, தக்காளி, கத்திரி, கறிவேப்பிலை, மல்லி, ஒண்ணுல தாமரை.

இந்தப் பீப்பாய் இங்க ஏன் இவ்ளோ ஈஸியா கெடைக்குதுன்னா, அமெரிக்க சட்டப்படி விஸ்கிக்கு போர்பன்னு பேர் போடணும்னா உள்பக்கம் கரிச்ச புது ஓக் பீப்பாய்ல தான் ஊற வைக்கணும், ஒரு தடவை ஊத்தி எடுத்துட்டா அதே பீப்பாய்ல மறுபடி போர்பன் போட முடியாது. அதனால கென்டக்கிலேருந்து பழைய பீப்பாய் வெளிய வந்துக்கிட்டே இருக்கும். முழுசு 53 கேலன், பாதியா அறுத்தா சுமார் 25 கேலன், நம்ம கணக்குக்கு 95 லிட்டர் சொச்சம், வாய் ரெண்டு அடி அகலம். ஒரு கறிவேப்பிலை மரத்துக்கு தாராளம்.

பிரச்சனை வந்தா எல்லாரும் முதல்ல இலையை போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பறாங்க, இலை மஞ்சளா இருக்கு என்ன உரம் போடலாம்னு. நான் திரும்பக் கேக்கறது ஒரே கேள்வி தான், பீப்பாய்க்கு அடியில குனிஞ்சு பார்த்தீங்களா. அடி, பலகை, மண்ணு, கடைசியா தான் இலை. கீழயும் முதல்ல பலகை, அப்புறம் மண்ணு, அதுக்கப்புறம் தான் இலை.

இரும்புப் பட்டை கீழ நழுவுது, பலகைக்கு நடுவுல வெளிச்சம் தெரியுது

பீப்பாய்ல ஆணியும் கெடையாது, பசையும் கெடையாது. பலகைங்க ஈரத்துல ஊதி ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்குது, பட்டை அதை இறுக்கிப் பிடிச்சிருக்கு, அவ்ளோ தான். காஞ்சா பலகை சுருங்கும், பட்டை லூஸ் ஆகும், பாதி பீப்பாய் வாய்ப்பக்கம் அகலமாவும் அடிப்பக்கம் குறுகலாவும் இருக்கறதால பட்டை தானா கீழ எறங்கிரும். ஒரு ஜூலைல மூணு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தேன், தண்ணி டைமர் நடுவுல நின்னு போயிருக்கு, வந்து பார்த்தா ஒரு பீப்பாய் வாழைப்பூ மடல் மாதிரி விரிஞ்சு கெடக்கு, மண்ணு சரிஞ்சு பாதைல, கத்திரிச்செடி வேரோட சாஞ்சிருக்கு. அழுகையே வந்துருச்சு.

பீப்பாய் இன்னும் காலியா இருந்தா வேலை சுலபம். வாயைத் தரைல கவுத்து வைங்க, குறுகலான பக்கம் இப்ப மேல இருக்கும். பட்டை விளிம்புல ஒரு சின்ன மரக்கட்டையை வச்சு அது மேல சுத்தியலால தட்டிக்கிட்டே சுத்தி வாங்க, ஒரே எடத்துல அடிச்சா பட்டை கோணிக்கும், அதனால ரெண்டு தட்டு இங்க, ரெண்டு தட்டு எதிர்ப்பக்கம். பட்டை தரையைப் பார்த்து, அதாவது வாய்ப்பக்கம் எறங்க எறங்க இறுகும். சத்தம் மாறும் பாருங்க, முதல்ல தொளதொளன்னு கேக்கற சத்தம் கணீர்னு ஆகும்போது நிறுத்திருங்க. அப்புறம் நிமித்தி வச்சு, ஓட்டை இன்னும் போடலன்னா தண்ணி ரொப்பி ரெண்டு மூணு நாள் விட்டுருங்க, முதல் நாள் எல்லா இடுக்குலயும் ஒழுகும், பயப்படாம திரும்பத் திரும்ப ரொப்புங்க, பலகை ஊதி தானா அடைச்சுக்கும். கடைசியா ஒவ்வொரு பட்டைக்கும் அடி விளிம்பை ஒட்டி நாலு எடத்துல சின்ன ஆணி அடிச்சுருங்க, பட்டை அது மேல உக்காந்துக்கும், இனிமே நழுவாது. பலகை ஒரு அங்குலம் தான் கனம், அதனால முக்கால் அங்குலத்துக்கு மேல நீளமான ஆணி வேண்டாம்.

மண்ணும் செடியும் உள்ள இருக்கும்போதே விரிஞ்சா? சாமான் கட்டற ராட்செட் பெல்ட் ரெண்டு வாங்கி மேல ஒண்ணு கீழ ஒண்ணு சுத்தி கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, பழைய சாக்கை நனைச்சு வெளிப்பக்கம் சுத்தி விடுங்க, உள்ள சொட்டு சொட்டா தண்ணி ஓடட்டும். ரெண்டு நாள்ல பலகை ஊதின பிறகு பட்டையைக் கீழேருந்து மேல தட்டி ஏத்தி ஆணி அடிக்கணும். அதுக்கு முன்னாடி பெல்ட்டைக் கழட்டிடாதீங்க. ஈர மண்ணோட ஒரு பீப்பாய் 120, 150 கிலோ வரும், மேல விழுந்தா கால் போயிரும், தனியா பண்ணாதீங்க.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கடைல பீப்பாய் மாதிரியே செஞ்சு வச்சிருக்கற பைன் மரத் தொட்டி வேற, நிஜமான ஓக் பீப்பாய் வேற. பலகை அரை அங்குலம் கூட இல்லாம, பட்டை ஸ்டேப்ளர் பின் அடிச்சு நின்னா அது தொட்டி தான், ரெண்டு மூணு வருஷத்துல அடி போயிரும். நிஜ பீப்பாய்க்கு உள்பக்கம் கருகியிருக்கும், மூக்கை விட்டா சாராய வாடை வரும். கரியைச் சுரண்டாதீங்க, அதால ஒரு கெடுதலும் இல்ல, வாடையும் ரெண்டு மூணு தடவை தண்ணி ரொப்பி ஊத்தினா கொறஞ்சுரும், செடியை ஒண்ணும் பண்ணாது. முன்னாடி என்ன இருந்துச்சுன்னு விக்கறவரால சொல்ல முடியலன்னா வாங்கவே வாங்காதீங்க, காய்கறி சாப்பிடறது நம்ம பிள்ளைங்க.

தண்ணி ஊத்தியும் செடி வாடுது

இதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டும் மேல பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வைத்தியம் நேர் எதிர். அதனால தான் விரலை ரெண்டு அங்குலம் விட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றேன், பீப்பாய் ஒன்றரை அடி ஆழம், மேல காஞ்சிருக்கும் அடியில சேறா இருக்கும், இல்ல மேல நனைஞ்சிருக்கும் உள்ள தூசியா இருக்கும். கபாப் சுடற நீள மூங்கில் குச்சி ஒண்ணு எடுத்து ஓரமா அடி வரைக்கும் குத்தி பத்து நிமிஷம் விட்டு உருவுங்க. குச்சில எந்த உயரம் வரைக்கும் ஈரக்கறை இருக்குன்னு பாருங்க, அப்புறம் நுனியை மோந்து பாருங்க. மழை வாசனை வந்தா மண்ணு நல்லா இருக்கு. கூழ் முட்டை வாடை, சாக்கடை வாடை வந்தா அடியில காத்தே இல்ல, வேர் அழுகுது.

குச்சி முழுக்க காஞ்சு வந்தா: பாட்டிங் மிக்ஸ்ல இருக்கற பீட் (மக்கின பாசி) ஒரு தடவை சுத்தமா காஞ்சிருச்சுன்னா தண்ணியை உள்ள விடாது, ஓரத்துல மண்ணு சுருங்கி பலகைக்கும் மண்ணுக்கும் நடுவுல இடைவெளி விழுந்திருக்கும், நீங்க ஊத்தற தண்ணி அந்த இடைவெளில எறங்கி அடியில வெளிய போயிரும், உங்களுக்கு என்னமோ நல்லா நனைஞ்ச மாதிரி இருக்கும். ஓரத்தை விரலால குத்தி மூடுங்க, ஹோஸை சொட்டு சொட்டா வர்ற மாதிரி வச்சு ஒரு மணி நேரம் விடுங்க, அரை மணி இடைவெளி விட்டு இன்னொரு தடவை. மேல ரெண்டு அங்குலம் காஞ்ச இலையோ வைக்கோலோ போட்டு மூடிட்டா அடுத்த தடவை இந்த நிலைமை வராது. டாலஸ் ஜூலைல தக்காளிப் பீப்பாய்க்கு எங்க வீட்ல தினம் காலைல தண்ணி போகுது.

குச்சி நாத்தத்தோட வந்தா: ஓட்டை அடைச்சிருக்கு, இல்ல ஓட்டையே பத்தல. வெள்ளை ஓக் மரத்துல இருக்கற நுண்குழாய்ங்க இயற்கையாவே அடைபட்டிருக்கும், சாராயம் வருஷக்கணக்கா ஒழுகாம நிக்கறதே அதனால தான், அப்ப உங்க தண்ணி மட்டும் எப்படி தானா வெளிய போகும்? முக்கால் அங்குல ட்ரில் பிட்ல ஆறு எட்டு ஓட்டை வேணும். செடி இருக்கும்போதே போடணும்னா ரெண்டு பேர் சேர்ந்து ஒரு பக்கம் லேசா சாய்ச்சு கட்டை கொடுத்து, பக்கவாட்டுல அடிப்பலகைக்கு சரியா மேல நாலு ஓட்டை போடலாம், அதுவே காப்பாத்திரும். பீப்பாயைத் தரைல நேரா உக்கார வைக்காதீங்க, மூணு செங்கல் கொடுத்துத் தூக்கி வைங்க, அடியில கை விட்டா காத்து ஓடறது தெரியணும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல தொட்டி அடியில ஓட்டாஞ்சில்லும் ஜல்லியும் போடுவோம்ல, எங்க அம்மா இன்னும் போடறாங்க. ஓட்டை மேல ஒரு சில்லு கவுத்து வைக்கறது சரி, மண்ணு ஒழுகாது, நான் ஜன்னல் கொசுவலைத் துண்டு போடறேன். ஆனா அரை அடிக்கு ஜல்லி ரொப்பினா தண்ணி நல்லா வடியும்ங்கறது உண்மை இல்ல. பொடி மண்ணுலேருந்து தண்ணி பெரிய கல்லுக்குள்ள சுலபமா எறங்காது, மண்ணு முழுசா ஊறி வழிஞ்சா தான் எறங்கும், அதனால சேறா இருக்கற பகுதி அப்படியே மேல ஏறி வேருக்குப் பக்கத்துல வந்துரும். எடமும் போச்சு, பாரமும் ஏறிச்சு.

கறிவேப்பிலை இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

புதுசா வர்ற கொழுந்துல தான் இது முதல்ல தெரியும், வலை மாதிரி பச்சை நரம்பு, நடுவுல வெளிறின மஞ்சள். இரும்புச்சத்து செடிக்கு ஏறல. மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, இங்க குழாய்ல வர்ற தண்ணி காரத்தன்மை உள்ளது, வருஷம் முழுக்க அதையே ஊத்த ஊத்த பீப்பாய் மண்ணும் காரமா மாறுது, அப்ப இரும்பு கரையாம அங்கயே கெட்டிப்பட்டு நிக்கும். துருப்பிடிச்ச ஆணியைப் புதைக்கறது, பட்டையோட துருவே போதும்னு நெனைக்கறது, இதெல்லாம் அதே காரணத்துக்காகப் பலிக்காது. கீலேட் பண்ண இரும்பு, அதாவது கெட்டிப்படாம இருக்க வேற பொருளோட பிணைச்ச இரும்பு வாங்குங்க, லேபிள்ல ஈடிடிஹெச்ஏன்னு (EDDHA) போட்டிருக்கணும், மத்த வகை கார மண்ணுல சீக்கிரம் செயலிழந்துரும். தண்ணில கரைச்சா ரத்தச் சிவப்பா இருக்கும், சிமெண்ட் மேல பட்டா கறை போகாது, பாத்து. பழைய இலை பச்சையாகலையேன்னு பார்க்காதீங்க, அடுத்து வர்ற கொழுந்து பச்சையா வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

புளிச்ச மோர் ஊத்தலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. ஊர்ல தோட்டத்து மண்ணுல ஊத்தறது வேற, பீப்பாய்ல ஊத்தினா நாத்தம் புடிச்சு குட்டி ஈ மொய்க்குது, இந்தத் தண்ணியோட காரத்துக்கு அந்த மோர் எந்த மூலைக்கு. அதை விட மழைத்தண்ணி புடிச்சு வச்சு ஊத்துங்க, கண்ணுக்குத் தெரியற வித்தியாசம் வரும்.

அடி இலை முழுசா, நரம்பும் சேர்ந்து மஞ்சளானா அது வேற கதை, நைட்ரஜன் பசி, கம்போஸ்டோ மீன் உரமோ போட்டா சரியாகும். இலை ஓரம் கருகி மண்ணு மேல உப்பு பூத்த மாதிரி வெள்ளையா இருந்தா உரம் அதிகமாயிருச்சு, மெதுவா நிறைய தண்ணி விட்டு அடி வழியா உப்பை வெளியேத்துங்க, ஒரு மாசம் உரப் பக்கம் போகாதீங்க.

குளிர்ல இலை கொட்டினா பதறாதீங்க, 40 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் போனாலே கறிவேப்பிலை உதுத்துட்டுத் தூங்கிரும், அப்ப வாடுதேன்னு தண்ணி ஊத்தறது தான் அதைக் கொல்லும். ஆனா உறைபனி வேற விஷயம். 2021 பிப்ரவரி புயல்ல டாலஸ்ல மைனஸ் 2 ஃபாரன்ஹீட் வரைக்கும் போச்சு, ஆறு வருஷமா வளர்த்த மரத்தைப் பீப்பாயோட நகர்த்த முடியாம போர்வை போத்தி வச்சேன், வேர் உறைஞ்சு போயிருச்சு, ஏப்ரல் வரைக்கும் தெனம் மரப்பட்டையை நகத்தால கீறிப் பார்ப்பேன், பச்சை தெரியவே இல்ல. அப்புறமா கத்துக்கிட்டது இது தான்: கறிவேப்பிலையை 15 கேலன் பிளாஸ்டிக் தொட்டில நட்டு, அந்தத் தொட்டியைப் பீப்பாய்க்குள்ள எறக்கி வைங்க. நவம்பர்ல தொட்டியை மட்டும் தூக்கி கராஜுக்கு, மார்ச்ல திரும்பப் பீப்பாய்க்கு. வெயில் காலத்துல ஓக் பலகை நிழல் கொடுக்கறதால வேரும் சூடாகாது.

கொழுந்துல பொடிப்பொடியா, பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு சாஞ்சு உக்காந்த பூச்சி, வெள்ளை மெழுகு நூல் மாதிரி கழிவு இருந்தா அது சிட்ரஸ் சில்லிட். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், இந்தப் பூச்சி தான் எலுமிச்சை ஆரஞ்சு மரங்களைக் கொல்ற கிரீனிங் நோயைப் பரப்புது, ஃபுளோரிடால 2005லயும் டெக்சாஸ்ல 2012லயும் கண்டுபிடிச்சாங்க. கொழுந்தை வெட்டி பைல கட்டிக் குப்பைல போடுங்க, தோட்டக்கலை சோப்பு அடிங்க. ஆசையா வேற மாநிலத்து சொந்தக்காரங்களுக்குக் கன்னு அனுப்பாதீங்க, அதுக்குத் தடை இருக்கு, தடை நியாயமானது.

தக்காளி நுனி சுருண்டு விரல் மடக்கின மாதிரி இருக்கு

மத்தியான வெயில்ல அடி இலை மட்டும் நீளவாக்குல மேல சுருண்டா அது சூட்டால, அதைப் பத்திக் கவலை வேண்டாம். ஆனா கொழுந்து குறுகி, பெரணி இலை மாதிரி நரம்பு நரம்பா, தண்டு முறுக்கிக்கிட்டு வந்தா உங்க எருவை சந்தேகப்படுங்க. மேய்ச்சல் நிலத்துல அகல இலைக் களைக்கு அமினோபைராலிட்ங்கற களைக்கொல்லி அடிப்பாங்க, புல்லுக்கு ஒண்ணும் ஆகாது, அந்தப் புல்லைத் தின்ன மாடு குதிரைக்கும் ஒண்ணும் ஆகாது, ஆனா மருந்து சாணில அப்படியே வந்துரும், கம்போஸ்ட் பண்ணாலும் சீக்கிரம் சிதையாது. தக்காளி, பீன்ஸ், பட்டாணிக்கு கொஞ்சூண்டு போதும். ஒரு வருஷம் மூட்டை எரு வாங்கிப் போட்டு நாலு பீப்பாய்த் தக்காளி இப்படிப் போச்சு, கடைல கேட்டா வெயில்ங்கறாங்க. வெயில்னா பக்கத்து கத்திரிக்கு எருவே போடாத பீப்பாய்ல ஏன் ஒண்ணும் ஆகல?

இப்ப எந்த எரு வாங்கினாலும் ஒரு தொட்டில அதைக் கலந்து நாலு பீன்ஸ் விதை, கலக்காத தொட்டில நாலு விதை போட்டு மூணு வாரம் பார்க்கறேன். முறுக்கினா அந்த மூட்டை புல்தரைக்குப் போகும், பீப்பாய்க்கு வராது. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா வருத்தமா தான் இருக்கும், மண்ணை மாத்தறது தான் சுலபமான வழி.

காய் அடி கருப்பா அழுகுது, பூ உதிருது

தக்காளிக்கு அடியில தோல் மாதிரி கருப்பு வட்டம், அது கால்சியம் காய்க்குப் போய்ச் சேரல. மண்ணுல இருக்கும், ஒரு நாள் வெள்ளம் ஒரு நாள் பஞ்சம்னு தண்ணி விட்டா வேர் இழுக்காது. எப்சம் உப்பு போடாதீங்க, அது மெக்னீசியம், கால்சியத்தோட போட்டி போட்டு இன்னும் மோசமாக்கும். தண்ணியை சீராக்குங்க, அடுத்த கொத்து நல்லா வரும். பூ உதிர்றது பகல் 95 டிகிரிக்கு மேல, ராத்திரி 75க்குக் கீழ எறங்காம இருந்தா சகஜம், மகரந்தம் கெட்டுப் போகும், உரத்தால சரியாகாது. மத்தியான வெயிலுக்கு நிழல் வலை கட்டி செடியை உயிரோட வச்சிருங்க, அக்டோபர்ல திரும்பக் காய்க்கும்.

எறும்பு, கறையான், காளான்

காளான் வந்தா விடுங்க, மரமும் மக்கும் சிதையுது, செடிக்குக் கெடுதல் இல்ல, பிள்ளைங்க வாய்ல வைக்காம மட்டும் புடுங்கிப் போடுங்க. நெருப்பெறும்பு குடியேறினா பீப்பாய்க்குள்ள மருந்து கொட்டாதீங்க, ஸ்பினோசாட்ங்கற மருந்து கலந்த இரையைப் பீப்பாயைச் சுத்தித் தரைல தூவினா அதுங்களே தூக்கிட்டுப் போயிரும், ரெண்டு வாரம் பொறுங்க. செங்கல் மேல மண் குழாய் மாதிரி கோடு ஏறினா கறையான், கோட்டை உடைச்சு விட்டு அடியைச் சுத்தமா வைங்க, வாரா வாரம் பாருங்க.

தாமரைப் பீப்பாய்ல தண்ணி நிக்கல, மீன் சாகுது

தண்ணி நிக்கலன்னா மேல சொன்ன மாதிரி பட்டை இறுக்கி ஊற வைங்க. மீன் செத்தா காரணம் மரத்துல ஊறிப்போன சாராயமும் ஓக் கறையும், தண்ணி டீ மாதிரி பழுப்பாகி மேல எண்ணெய்ப் படலம் மினுங்கும். குளத்துக்குப் போடற ரப்பர் ஷீட்டை உள்ள விரிச்சு விளிம்புல ஸ்டேப்ளர் அடிச்சுருங்க, மரமும் தண்ணியும் தொடவே கூடாது. மீன் இல்லாத தண்ணில கொசு முட்டை வைக்காம விடாது, 2012ல டாலஸ் கவுண்டில வெஸ்ட் நைல் காய்ச்சல்ல எத்தனை பேர் செத்தாங்கன்னு இங்க இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிடிஐ (Bti) பாக்டீரியா இருக்கற வில்லை மாசத்துக்கு ஒண்ணு போடுங்க, அது கொசுப்புழுவையும் அது மாதிரி சில ஈப்புழுவையும் தான் கொல்லும், மீனுக்கும் தாமரைக்கும் ஒண்ணும் ஆகாது.

மண்ணு எறங்கிக்கிட்டே போகுது, அடிப்பலகை மெத்துனு இருக்கு

மண்ணு வருஷத்துக்கு மூணு நாலு அங்குலம் எறங்கறது சாதாரணம், மக்கு கரையுது, மேல கம்போஸ்ட் போட்டு ரொப்புங்க, மரமா இருந்தா தண்டைப் புதைக்காம. அடிப்பலகையை மாசத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. நுனி நிக்காம உள்ள போனா அந்தப் பீப்பாய்க்கு இந்த வருஷம் தான் கடைசி, குளிர்காலத்துல செடியை மாத்துங்க. என்னோட முதல் பீப்பாய் எட்டாவது வருஷம் அடி விட்டுச்சு. பலகையை மட்டும் பிரிச்சு எடுத்து கொடிக்கு வேலியா நட்டு வச்சிருக்கேன், இப்ப அது மேல அவரை ஏறுது.